பாக்ஸ்ல இருக்கிற ஸ்பீடு சிடிசி, கைக்கு வர்ற ஸ்பீடு வேற

எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் பற்றி நம்ம சேனல்ல பேசினப்போ 12 நிமிஷத்துல அடக்க வேண்டியிருந்தது. கணக்கு முழுசும் அதுல வரல. அதை இங்க எழுதிடுறேன்.

போன மாசம் அரியலூர்ல இருந்து ஒரு தம்பி போன் பண்ணான். சிமெண்ட் ஆலையில ஷிஃப்ட் வேலை, கைக்கு 32,000 ரூபாய் வருது. லீவு நாள்ல கல்யாண வீடியோ எடுக்கிறான். முகூர்த்த மாசத்துல அதுலயே பாதி சம்பளம் வந்துடுமாம்.

"அண்ணே, ஒரு கல்யாணத்தை லேப்டாப்புக்கு காப்பி பண்ண நாலு மணி நேரத்துக்கு மேல ஆகுது. நைட் ஷிஃப்ட் போறதுக்கு முன்னாடி முடியவே மாட்டேங்குது. விநாடிக்கு 7,000 எம்பி எழுதுற என்விஎம்இ எஸ்எஸ்டி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். 12 மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ. போட்டுடவா?"

"அதை விடு. கார்டு ரீடர் என்ன வச்சிருக்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "ரீடரா? அது காலேஜ் படிக்கும்போது வாங்கினதுண்ணே."

நான் சொல்ல வர்றதுல பாதி இந்தப் பதிலுக்குள்ளயே இருக்கு.

வேலைக்குச் சேரும்போது ஆஃபர் லெட்டர்ல ஒரு தொகை போட்டிருப்பாங்க. பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், 'வேரியபிள் பே' எல்லாம் சேர்த்த சிடிசி அது. முதல் மாசம் அக்கவுண்ட்ல விழுறதைப் பார்த்தப்புறம்தான் நமக்கு உலகம் புரியும். டிஸ்க் பாக்ஸ் மேல "இவ்வளவு வரை எழுதும்"னு போட்டிருக்கிற ஸ்பீடும் சிடிசிதான். அந்த "வரை"ங்கிற சின்ன வார்த்தையிலதான் எல்லாப் பிடித்தமும் ஒளிஞ்சிருக்கு. மாசச் சம்பளக்காரங்கள்ல பெரும்பாலானவங்க டிஸ்க்ல எழுதுற வேகத்துக்குன்னு தனியா கூடுதல் காசு கொடுக்கிறது வீண் செலவுங்கிறது என் கருத்து. எல்லாருக்கும் இது பொருந்தாது. யாருக்குப் பொருந்தாதுன்னும் சொல்றேன்.

முதல்ல தம்பியோட கணக்கு

அவன் கேமரா 4கே வீடியோவை 100 மெகாபிட் வேகத்துல பதியுது. ஆண்டு பேக்கேஜை 12ஆல வகுத்து மாசச் சம்பளம் பார்க்கிற மாதிரி, பிட்டை 8ஆல வகுத்தாதான் பைட் வரும். 100ஐ 8ஆல வகுத்தா விநாடிக்கு 12.5 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ரெண்டு கேமரா, ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து ஆளுக்கு ஆறு மணி நேரம்னா மொத்தம் 540 ஜிபி.

பழைய ரீடர் யுஎஸ்பி 2.0. அதோட உச்சவரம்பு 480 மெகாபிட், அதாவது காகிதத்துல 60 எம்பி. நிஜத்துல 35 எம்பி வந்தாலே பெரிய விஷயம். 540 ஜிபியை 35 எம்பி வேகத்துல இழுத்தா 4 மணி 17 நிமிஷம். அவன் சொன்ன "நாலு மணி நேரத்துக்கு மேல" எங்க இருந்து வந்ததுன்னு இப்போ புரியுதா?

இந்த இடத்துல 7,000 எம்பி எஸ்எஸ்டியை மாட்டினா என்ன ஆகும்? அதே 4 மணி 17 நிமிஷம்தான் ஆகும். டிஸ்க் வாயைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும், ஊட்ட ஆள் இருக்காது.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருச்சி–சென்னை நாலு வழிச்சாலையில 100ல பறந்து வரலாம். பெரம்பலூர்ல திரும்பி அரியலூர் ரோட்டைப் பிடிச்சு, முன்னாடி சுண்ணாம்புக்கல் ஏத்தின லாரி ஒண்ணு மாட்டிக்கிட்டா, உங்க வண்டி எத்தனை சிசிங்கிறதுக்கு அர்த்தமே இல்ல. லாரி போற வேகம்தான் உங்க வேகம்.

ரீடரை மட்டும் யுஎஸ்பி 3.0க்கு மாத்தினா அடுத்த தடை கார்டுலயே இருக்கு. அவன்கிட்ட இருக்கிறது யுஎச்எஸ்-1 வகை எஸ்டி கார்டு. அந்த வகையோட வரம்பு விநாடிக்கு 104 எம்பி, கைக்கு 90 வரும்னு வைங்க. 540 ஜிபிக்கு 1 மணி 40 நிமிஷம். சில நூறு ரூபாய் ரீடர்ல ரெண்டரை மணி நேரம் மிச்சம். எஸ்எஸ்டிக்கு ஆயிரக்கணக்குல கொடுத்திருந்தா மிச்சம் பூஜ்யம்.

இதே கதைதான் கேபிள்லயும். போன் சார்ஜரோட வர்ற டைப்-சி கேபிள் பலதும் உள்ளுக்குள்ள யுஎஸ்பி 2.0தான். வாய் ஒரே மாதிரி இருக்கிறதால நமக்குத் தெரியாது. ஐபோன் 15 சாதா மாடல்ல டைப்-சி போர்ட் கொடுத்தாங்களே, அதோட டேட்டா வேகமே யுஎஸ்பி 2தான். ப்ரோ மாடல்ல 10 கிகாபிட் போர்ட், ஆனா பாக்ஸ்ல வர்ற கேபிள் யுஎஸ்பி 2. லட்ச ரூபாய் போனை இஎம்ஐல வாங்கிட்டு, அந்தக் கேபிளையே எஸ்எஸ்டில சொருகி "எஸ்எஸ்டி ஸ்லோ"ன்னு திட்டுறவங்களை நானே பார்த்திருக்கேன்.

எடிட் முடிச்சு எக்ஸ்போர்ட் பண்றப்போ வேகமான டிஸ்க் உதவாதான்னு தம்பி கேட்டான். 100 மெகாபிட் ஃபைலா வெளிய எடுத்தா, ஒரு நிமிஷ வீடியோவை ஒரு நிமிஷத்துல முடிக்கிற லேப்டாப் விநாடிக்கு 12.5 எம்பிதான் எழுதும். ரெண்டு மடங்கு வேகமா முடிச்சாலும் 25. இதைப் பத்து வருஷப் பழைய ஹார்டு டிஸ்க் கூட எழுதிடும். அங்க திணறுறது பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும்தான்.

பஸ் சீட்டு கணக்கு

சரி, ரீடரும் கேபிளும் ஒழுங்கா இருக்கு, ஒரு எஸ்எஸ்டில இருந்து இன்னொரு எஸ்எஸ்டிக்கே காப்பி பண்றோம்னு வைங்க. அப்போதான் பாக்ஸ் மேல இருக்கிற எண்ணோட சாயம் வெளுக்கும்.

எஸ்எஸ்டி உள்ள டேட்டா உட்கார்றது சின்னச் சின்ன செல்கள்ல. டிஎல்சி வகையில ஒரு செல்லுக்கு மூணு பிட். கியூஎல்சி வகையில நாலு பிட். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட்ல டவுன் பஸ் காலியா நிக்கும்போது ஏறினா, மூணு பேர் சீட்டுல ஒரே ஆள் பையோட சாஞ்சு உட்காரலாம். சரசரன்னு ஏறி உட்கார்ந்துடுவாங்க. கூட்டம் சேர்ந்ததும் கண்டக்டர் வந்து "கொஞ்சம் தள்ளி உட்காருங்க, பையை மடியில வைங்க"ன்னு ஒவ்வொருத்தரா நகர்த்தி அடுத்த ஆளுக்கு இடம் பிடிக்கணும். எஸ்எஸ்டியும் முதல்ல வர்ற டேட்டாவை செல்லுக்கு ஒரு பிட்டா வேகமா உட்கார வைக்கும். இதுக்கு எஸ்எல்சி கேஷ்னு பேரு. அது நிரம்பினதும் மூணு மூணா, நாலு நாலா நெருக்கி உட்கார வைக்கிற வேலை ஆரம்பிக்கும். நாலாவது ஆளை நுழைக்கிறதுதான் ரொம்ப நேரம் பிடிக்கும்.

எண்ணுல சொல்றேன். சாம்சங் 870 கியூவிஓ 1 டிபி. பாக்ஸ்ல 530 எம்பி எழுதும். அதே கம்பெனியோட விவரத் தாள்லயே, கேஷ் தீர்ந்தா 80 எம்பின்னு போட்டிருக்காங்க. கேஷோட அளவு அதிகபட்சம் 42 ஜிபி. 2 டிபி மாடல்ல கேஷ் 78 ஜிபி, அப்புறம் 160 எம்பி. மறைக்காம போட்டதுக்கு சாம்சங்கைப் பாராட்டணும், நான் நிஜமாத்தான் சொல்றேன். நாமதான் அந்தத் தாளைப் படிக்கிறதில்ல.

540 ஜிபியை இதுல ஒரே மூச்சுல எழுதினா என்ன ஆகும்? முதல் 42 ஜிபி ஒரு நிமிஷம் இருபது விநாடியில. மீதி 498 ஜிபி 80 எம்பி வேகத்துல. மொத்தம் 1 மணி 45 நிமிஷம். கடைசி வரைக்கும் 500 எம்பி தாங்குற டிஎல்சி எஸ்எஸ்டியில இதே வேலை 18 நிமிஷம்.

இதைக் கேட்டதும் "அப்போ கியூஎல்சி குப்பை"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. மேல பார்த்த எஸ்டி கார்டு கொடுக்கிறதே 90 எம்பி. கேஷ் தீர்ந்து தவழ்ற கியூஎல்சியோட 80 எம்பி கூட அதுக்குப் பக்கத்துலயே நிக்குது. ஒரு கார்டை வச்சு காப்பி பண்றவனுக்கு வித்தியாசம் பன்னெண்டு நிமிஷத்துக்குள்ளதான். வேகமா இல்லையாங்கிறதை உங்க வேலையை வச்சுத்தான் சொல்ல முடியும்.

இன்னொரு பிடித்தம் இருக்கு. இது சம்பளம் ஒப்புக்கிட்டப்புறம் சத்தமில்லாம குறைக்கிற மாதிரி. 2021ல வெஸ்டர்ன் டிஜிட்டல் தன்னோட புளூ எஸ்என்550 எஸ்எஸ்டி உள்ள இருக்கிற சிப்பை மாத்திச்சு. மாடல் பேர் அதே. ஆனா கேஷ் தீர்ந்தப்புறம் எழுதுற வேகம் 610ல இருந்து 390 எம்பியா இறங்கிடுச்சு. வெளிய தெரிஞ்சதும் கம்பெனி ஒத்துக்கிட்டு, இனி இப்படி மாத்தினா புது மாடல் எண் தருவோம்னு சொன்னாங்க. அதே வருஷம் குருஷியல் பி2ல டிஎல்சியை எடுத்துட்டு கியூஎல்சி வச்சதும் வெளிய வந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த ரிவ்யூவைப் பார்த்து இன்னைக்கு வாங்குறவங்க அந்த ரிவ்யூல இருந்த டிஸ்க்கைத்தான் வாங்குறாங்கன்னு உறுதி இல்ல.

ரிவ்யூ பற்றி என் பங்குத் தப்பையும் சொல்லணும். நம்ம சேனல் பழைய வீடியோக்கள்ல கிரிஸ்டல் டிஸ்க்மார்க் ஓட்டி, பெரிய எண்ணைக் காட்டி "செம ஸ்பீடு"ன்னு சொல்லியிருக்கேன். அந்த டெஸ்ட் வழக்கமா எழுதிப் பார்க்கிறது 1 ஜிபி ஃபைலை. அது முழுக்க கேஷுக்குள்ளயே அடங்கிடும். காலி பஸ்ல ஏறி உட்கார்ந்துட்டு "இந்த ரூட்ல கூட்டமே இல்ல"ன்னு சொன்ன கதை. நியாயமா பார்க்கணும்னா டிஸ்க்கை முக்கால்வாசி நிரப்பிட்டு, 100 ஜிபிக்கு மேல ஒரே தடவையா எழுதிப் பார்க்கணும். பல எஸ்எஸ்டில இடம் குறையக் குறைய கேஷும் சுருங்கும். விண்டோஸ் காப்பி பட்டையில முதல் சில விநாடி காட்டுற வேகத்தையும் நம்பாதீங்க. அது பெரும்பாலும் ரேம்ல போய் விழுறது.

ஹார்டு டிஸ்க்னா கேவலமா?

3.5 அங்குல ஹார்டு டிஸ்க் காலியா இருக்கும்போது 180 எம்பி கிட்ட எழுதும். வெளிவட்டத்துல இருந்து உள்வட்டத்துக்கு வர வர வேகம் பாதியாகும். அப்பவும் 90க்குப் பக்கத்துல நிக்கும். அதாவது, தம்பியோட எஸ்டி கார்டு கொடுக்கிறதை வாங்கிக்க அதுவே போதும். பெரிய ஃபைலை ஒரு தடவை எழுதிட்டு எடுத்து வைக்கிற வேலைக்கு, ஜிபிக்கு இவ்வளவு ரூபாய்னு கணக்குப் போட்டா இன்னைக்கும் ஹார்டு டிஸ்க்தான் மலிவு.

ஆனா சின்னச் சின்னதா எழுதுற வேலைன்னா ஆட்டமே வேற. 7,200 சுற்று டிஸ்க் விநாடிக்கு 120 தடவை சுத்துது. ஒரு சுத்துக்கு 8.3 மில்லி விநாடி. ஒவ்வொரு பதிவும் டிஸ்க்ல பத்திரமா இறங்கினப்புறம்தான் அடுத்ததுன்னு வேலை செய்யுற மென்பொருள் அந்தச் சுத்துக்காகக் காத்திருக்கணும். எஸ்கியூலைட்ங்கிற டேட்டாபேஸோட சொந்த விளக்கப் பக்கத்துலயே, இந்த மாதிரி டிஸ்க்ல விநாடிக்கு சுமார் 60 பதிவுதான்னு எழுதி வச்சிருக்காங்க. கணக்கு மென்பொருள் ஓட்டுறவங்க, வீட்ல இருந்து கோடிங் வேலை பார்க்கிறவங்க, ஹார்டு டிஸ்க் போட்ட பழைய லேப்டாப்போட மல்லுக்கட்டுறவங்க எல்லாம் கண்ணை மூடிக்கிட்டு ஒரு சாதா எஸ்எஸ்டிக்கு மாறலாம். அந்த முதல் தாவலுக்குப் போடுற ஒவ்வொரு ரூபாயும் நியாயம். அதுக்கப்புறம் 550 எம்பில இருந்து 3,500க்கும், 3,500ல இருந்து 7,000க்கும் போறதுல, எக்செல்லும் பிரவுசரும் ஓட்டுற மனுஷனுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரே விலைக்கு என்விஎம்இ கிடைச்சா தாராளமா வாங்குங்க. அந்த எண்ணுக்காக மேல காசு வைக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

ஹார்டு டிஸ்க்லயும் ஒரு மறைமுகப் பிடித்தம் உண்டு. எஸ்எம்ஆர்னு ஒரு வகை. நாட்டு ஓடு வேயுற மாதிரி, ஒரு வரிசை மேல அடுத்த வரிசை பாதி ஏறி உட்காரும். இடம் மிச்சம். ஆனா நடுவுல ஒரு ஓட்டை மாத்தணும்னா மேல இருக்கிறதை எல்லாம் எடுத்துட்டுத் திரும்ப அடுக்கணும். முதல் தடவை எழுதும்போது தெரியாது, அழிச்சு அழிச்சு எழுதும்போது மூச்சு வாங்கும். 2020ல வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில சில டிஸ்க்குகள் இந்த வகைன்னு சொல்லாமலே விற்பனைக்கு வந்தது அம்பலமாச்சு. ரெட்னா நாஸ் பெட்டிக்குன்னே விற்கிற டிஸ்க். சர்வ் தி ஹோம்ங்கிற தளம் சோதிச்சப்போ, ரெய்டுல ஒரு டிஸ்க் போய் புது டிஸ்க்கை நிரப்புற வேலையை சாதா டிஸ்க்குகள் ஒரு நாளுக்குள்ள முடிச்சது, இது ஒன்பது நாளுக்கு மேல எடுத்துக்கிச்சு. அமெரிக்காவுல வழக்கு போய் 27 லட்சம் டாலர்ல சமாதானம் ஆச்சு. கல்யாணத்தை எழுதி பீரோவுல வைக்கிறதுக்கு எஸ்எம்ஆர் டிஸ்க் தப்பே இல்ல. தினமும் அழிச்சு எழுதுறவங்க மட்டும் தவிர்க்கணும்.

ரெய்டு போட்டு நான் கெட்ட கதை

ஸ்பீடு ஆசை எனக்கும் வந்தது. 2 டிபி ஹார்டு டிஸ்க் ரெண்டு வாங்கி ரெய்டு 0 போட்டேன். ஒரு ஃபைலைத் துண்டு துண்டா வெட்டி ரெண்டு டிஸ்க்லயும் மாத்தி மாத்தி எழுதும். வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஊர்ல எல்லார்கிட்டயும் காட்டிப் பெருமைப்பட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில்ல அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து. அந்தக் கோயில் அப்போ வாரத்துல திங்கள், வெள்ளி ரெண்டு நாள்தான் திறந்திருந்தது, அதனால ஆபீஸுக்கு லீவு போட்டுட்டுப் போனேன். தாய்மாமன் மடியில உட்கார வச்சுத்தானே குத்துவாங்க. நண்பன் ஒருத்தன் கேமராவைப் பிடிச்சான். அவ அழுதுகிட்டே என் சட்டையைப் பிடிச்சு இழுக்கிறதும், பின்னாடி நின்னு எங்க அப்பா பொம்மையை ஆட்டிக் காட்டுறதும் பதிவாகியிருந்தது. அடுத்த வருஷம் அப்பா போயிட்டார். அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு ஒரு டிஸ்க் 'டக், டக்'னு சத்தம் போட ஆரம்பிச்சது. மத்த டிஸ்க் நல்லாத்தான் இருந்தது. ஆனா அதுல இருந்தது பாதிப் பாதித் துண்டுகள். சென்னையில ஒரு டேட்டா ரெக்கவரி கடையில 45,000 ரூபாய் கேட்டாங்க, வரும்னு உத்தரவாதமும் இல்லன்னாங்க.

அந்த வீடியோவைத் தடங்கல் இல்லாம ஓட்ட விநாடிக்கு 12.5 எம்பி போதும். நான் எதுக்கு ரெண்டு மடங்கு வேகம் கேட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே பதில் தெரியல.

கணக்காப் பார்த்தாலும் அது முட்டாள்தனம்தான். பேக்பிளேஸ்ங்கிற கம்பெனி தன்கிட்ட ஓடுற லட்சக்கணக்கான ஹார்டு டிஸ்க்ல வருஷத்துக்கு எத்தனை சாகுதுன்னு வெளியிடுது. 2023ல 1.70 சதவீதம். ஒரு டிஸ்க்குக்கு அதுன்னா, ரெண்டுல எது போனாலும் எல்லாம் போகும்ங்கிற ரெய்டு 0ல 3.4 சதவீதம். வேகத்தை இரட்டிப்பாக்கினதா நினைச்சேன், ரிஸ்க்கையும் சேர்த்து இரட்டிப்பாக்கியிருந்தேன்.

ரெய்டு 1ல ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டா. எழுதுற வேகம் ஒரு டிஸ்க்கோட வேகம்தான், ஏன்னா ரெண்டுலயும் எழுதி முடிக்கணும். ஒண்ணு செத்தா மத்தது இருக்கும். ஆனா இதை பேக்கப்னு நினைக்காதீங்க. இது ஜாயின்ட் அக்கவுண்ட் மாதிரி. ஒருத்தர் பணத்தை எடுத்தா ரெண்டு பேருக்கும் இல்ல. தப்பா டெலிட் அழுத்தினா, வைரஸ் வந்தா, ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நொடியில போயிடும்.

ரெய்டு 5 கம்பெனிக்காரங்க சமாசாரம். சின்னதா ஒண்ணு எழுதணும்னா பழைய டேட்டாவைப் படி, பழைய பாரிட்டியைப் படி, புது டேட்டாவை எழுது, புது பாரிட்டியை எழுதுன்னு நாலு வேலை. ரெய்டு போட்டா எல்லாமே வேகமாகும்னு ஒரு நம்பிக்கை இருக்கே, அது தப்பு. போதாததுக்கு உடைச்சு உடைச்சுச் சேர்க்கிற தலைவலி வேற. 2001ல பிரிஞ்சு, 2002ல சேர்ந்து, 2007ல மறுபடி பிரிஞ்ச நம்ம ரெண்டு மாவட்டத்துக்காரங்களுக்கு அந்தத் தலைவலி எப்படின்னு சொல்லத் தேவையில்ல.

நாஸ் பெட்டி வாங்கலாமான்னு கேட்பீங்க. வீட்டு ரவுட்டர் கிகாபிட்னா, உள்ள எந்த டிஸ்க் போட்டாலும் 110 எம்பியைத் தாண்டாது. கிளவுட்? 50 மெகாபிட் அப்லோடு இருக்கிற ஃபைபர்ல 540 ஜிபி ஏத்த சரியா 24 மணி நேரம். முழு ஃபுட்டேஜை விட்டுட்டு, முடிச்ச வீடியோவை மட்டும் ஏத்தலாம், அது நல்ல யோசனைதான்.

இஎம்ஐ, வாரண்டி, விலை

தம்பி பார்த்து வச்ச எஸ்எஸ்டிக்கும் சாதா எஸ்எஸ்டிக்கும் வித்தியாசம் 9,000 ரூபாய்னு வச்சுக்கலாம். மாசம் 750 ரூபாய்தானேன்னு தோணும். நோ காஸ்ட் இஎம்ஐல வட்டியை விலையில கழிச்சுடுவாங்க, ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி நம்ம தலையில. வட்டி 700 ரூபாய்னா 126 ரூபாய். பல பேங்க்ல பிராசஸிங் ஃபீஸ் தனி. தொகை சின்னதுதான், ஆனா "நோ காஸ்ட்"ங்கிறதும் பாக்ஸ் மேல போட்ட 7,000 எம்பியும் ஒரே குடும்பத்து வார்த்தை.

"மலிவா வாங்கினா சீக்கிரம் தேஞ்சுடாதா?"ங்கிற பயத்துக்கும் எண் இருக்கு. 870 கியூவிஓ 1 டிபிக்கு வாரண்டி 3 வருஷம் அல்லது 360 டிபி எழுதுற வரைக்கும். 870 ஈவோ 1 டிபிக்கு 5 வருஷம் அல்லது 600 டிபி. ரெண்டையும் நாள் கணக்காக்கிப் பாருங்க, ரெண்டுமே ஒரு நாளைக்கு 328 ஜிபி சொச்சம். தம்பி ஒரு கல்யாணத்துக்கு, எடிட்டிங் குப்பை எல்லாம் சேர்த்து 1 டிபி எழுதுறான்னு வைங்க. 360 டிபி தீர 360 கல்யாணம் வேணும். ஆடியையும் மார்கழியையும் கழிச்சுட்டு, ஷிஃப்டும் பார்த்துக்கிட்டு, மூணு வருஷத்துல 360 கல்யாணம் எடுத்தான்னா அவன் ஆலை வேலையை எப்பவோ விட்டிருப்பான்.

ஆன்லைன்ல 499 ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் வருதே, அதைத் தொடவே தொடாதீங்க. உள்ள இருக்கிறது சில ஜிபிதான், 2 டிபின்னு பொய் சொல்ல வச்சிருப்பாங்க. நிரம்பினப்புறமும் காப்பி ஆகிற மாதிரியே காட்டும், திறந்து பார்த்தா ஃபைல் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூன்னு இலவச மென்பொருள் இருக்கு, முழுசா எழுதித் திரும்பப் படிச்சுப் பார்க்கும். எந்தப் புது டிஸ்க் வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கிற தேதிக்குள்ள ஒரு தடவை ஓட்டிடுங்க. நான் பிராண்டட் டிஸ்க்குக்கும் ஓட்டுறேன்.

விலையைப் பொறுத்தவரைக்கும், இது தங்கம் மாதிரி ஏறிக்கிட்டே போற பொருள் இல்ல, ஆனா திடீர்னு எகிறும். 2011ல தாய்லாந்துல வெள்ளம் வந்து ஆலைகள் மூழ்கினப்போ உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க் விலை ஏறுச்சு. 2025 கடைசியில இருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கிட்டுப் போறதால எஸ்எஸ்டி, ரேம் விலை ஏறிக் கிடக்கு. இந்த நேரத்துல தேவைக்கு மேல ஒரு படி வாங்குறது இன்னும் வலிக்கும். பயத்துல மொத்தமா வாங்கி வைக்கவும் வேண்டாம்.

யாருக்கு நிஜமாவே வேகம் வேணும்? பெரிய விர்ச்சுவல் மெஷின் ஓட்டுறவங்க, ரா வீடியோ எடுக்கிறவங்க, ஒரு டிஸ்க்ல இருந்து இன்னொண்ணுக்கு தினமும் நூத்துக்கணக்குல ஜிபி மாத்துறவங்க. ஐபோன் ப்ரோல 4கே 60 ஃப்ரேம் ப்ரோரெஸ் வீடியோவை நேரா வெளி டிஸ்க்ல பதியணும்னா ஆப்பிள் கேட்கிறது 220 எம்பி. 7,000 இல்ல, 220. ஆனா அந்த 220 கடைசி வரைக்கும் குறையாம வரணும். பாக்ஸ்ல 530ன்னு போட்ட கியூஎல்சி கேஷ் தீர்ந்தா அங்க கையை விரிச்சிடும். அதனால இவங்க பெரிய எண்ணைத் தேடுறதை விட்டுட்டு, கேஷ் தீர்ந்தப்புறம் எவ்வளவுங்கிற எண்ணைத் தேடணும்.

தம்பி கடைசியா என்ன வாங்கினான்னு கேட்கிறீங்களா? யுஎஸ்பி 3.0 ரீடர் ரெண்டு. ரெண்டு கேமரா கார்டையும் ஒரே நேரத்துல சொருகினா 90ம் 90ம் சேர்ந்து 180 எம்பி வரும். இதைத் தாங்க கியூஎல்சிக்கு மூச்சு பத்தாது, அதனால அவனை 1 டிபி டிஎல்சி சாட்டா எஸ்எஸ்டி எடுக்கச் சொன்னேன். கூட ரெண்டு போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க். எல்லாம் சேர்த்தும் அந்த 7,000 எம்பி எஸ்எஸ்டிக்கு மேல கொஞ்சம்தான் ஆச்சு, இஎம்ஐ போடல, ரெண்டு கல்யாண அட்வான்ஸ்ல முடிச்சுட்டான்.

போன வாரம் மறுபடி பேசினான். 540 ஜிபி இப்போ 50 நிமிஷத்துல முடியுதாம். ஒரு ஹார்டு டிஸ்க் அவன் பீரோவுல இருக்கு. இன்னொண்ணை மஞ்சப்பையில சுத்தி பஸ்ல எடுத்துட்டுப் போய், பெரம்பலூர் துறைமங்கலத்துல இருக்கிற அவங்க அக்கா வீட்டு அரிசி டிரம் பக்கத்து அலமாரியில வச்சுட்டு வந்திருக்கான். "ரெண்டு மாவட்டத்துல ஒரே நேரத்துல வெள்ளம் வந்தா என்னண்ணே பண்றது?"ன்னு கேட்டான். முடிச்ச வீடியோவை மட்டும் கிளவுட்ல ஏத்துடான்னு சொல்லியிருக்கேன்.